எட்டு மில்லிகிராம் புரதமும் ஒரு பட்டை நாமமும்

தங்கத்தை கிராம் கணக்கில் விற்கிறார்கள். ஆராய்ச்சிக்கூடங்களுக்கான மனிதப் புரதங்களை மைக்ரோகிராம் கணக்கில் விற்கிறார்கள். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! சின்னக் குப்பி, அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலம், மேலே "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று ஒரு லேபிள். கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் தங்கம் வெட்கப்படும்.

ஏன் இந்த விலை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "கண்டுபிடிக்க எவ்வளவு செலவாகியிருக்கும் தெரியுமா?"

நல்ல கேள்வி. ஆனால் அந்தச் செலவை செய்தது யார்?

எரித்ரோபொய்டின் கதையைப் பாருங்கள். சுருக்கமாக ஈ.பி.ஓ. சிறுநீரகத்தில் சுரந்து, சிவப்பணுக்களை உற்பத்தி செய்யச் சொல்லும் புரதம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் கோல்ட்வாசர் 1955-ல் இதைத் தேடக் கிளம்பினார். செம்மறியாட்டு ரத்தத்தோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். கடைசியில் கைகொடுத்தவர் ஜப்பானின் குமமோட்டோவைச் சேர்ந்த டகாஜி மியாகே. ரத்தசோகை நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து, வற்றவைத்து, சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து கிடைத்த தூய புரதம் வெறும் 8 மில்லிகிராம். ஆய்வுக்கட்டுரை 1977-ல் வந்தது.

22 வருட உழைப்பு. அமெரிக்க அரசின் பணம். ஜப்பானிய நோயாளிகளின் சிறுநீர். காப்புரிமை? பல்கலைக்கழகம் வாங்கவே இல்லை.

அந்தப் புரதம் ஆம்ஜென் நிறுவனத்துக்குப் போனது. அங்கே ஃபூ-குவென் லின் 1983-ல் மரபணுவைப் பிரித்தெடுத்தார். சீன வெள்ளெலியின் செல்களுக்குள் அதைப் புகுத்தி, லிட்டர் கணக்கில் சிறுநீர் இல்லாமலே மனிதப் புரதம் தயாரிக்க முடிந்தது. லின் செய்தது சாதாரண வேலை அல்ல, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 1987-ல் காப்புரிமை, 1989-ல் மருந்துக்கு அனுமதி, பிறகு பில்லியன் டாலர் வியாபாரம். டயாலிசிஸ் நோயாளிகளுக்காக இதை அதிகம் வாங்கியது யார் தெரியுமா? அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம்! அதாவது வரி கட்டியவன் கண்டுபிடிக்க ஒருமுறை, வாங்க ஒருமுறை என்று இரண்டு முறை பணம் கட்டினான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

"மருந்து என்றால் மனிதர்களிடம் சோதிக்க வேண்டும், அதற்குக் கோடிக்கணக்கில் ஆகும்" என்பார்கள். உண்மை. மருந்துக்கு அந்த வாதம் பொருந்தும். ஆனால் "ஆராய்ச்சிக்கு மட்டும்" குப்பிக்கு? அதை எந்த நோயாளிக்கும் போடப்போவதில்லை. போடக்கூடாது என்றுதான் லேபிளே சொல்கிறது. அப்படியானால் அந்தச் செலவை ஏன் இதன் தலையில் கட்ட வேண்டும்? காப்புரிமையைக் காரணம் காட்டவும் வழியில்லை. ஐரோப்பாவில் 2007-லேயே ஈ.பி.ஓ. மாற்று மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் 2018-ல்.

இன்னொரு பதிலும் உண்டு. சின்ன சந்தை, சுத்திகரிப்பு, தரப் பரிசோதனை, குளிர்பதனப் போக்குவரத்து. இவை நிஜமான செலவுகள்தான். குறைவாகத் தயாரித்தால் ஒவ்வொரு குப்பியின் மீதும் நிலையான செலவு அதிகமாக விழும், காஸ்ட் அக்கவுண்டிங் முதல் பாடம். ஆனால் விலையை நிர்ணயிப்பது செலவு மட்டுமல்ல, வாங்குபவனின் கையாலாகாத்தனமும்கூட. ஆராய்ச்சி மாணவன் இரண்டு வருடம் ஒரு கம்பெனியின் புரதத்தை வைத்து சோதனை செய்துவிட்டு, மூன்றாம் வருடம் வேறு கம்பெனிக்கு மாற முடியுமா? ஈ.பி.ஓ. எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சர்க்கரைச் சங்கிலிகள். தயாரிக்கும் செல் மாறினால் அவையும் மாறலாம், முடிவுகளும் ஆட்டம் காணலாம். அதனால் சொன்ன விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். மளிகைக் கடையை மாற்றுவது போல மாற்ற முடியாது என்பது விற்பவருக்கும் நன்றாகத் தெரியும். போதாக்குறைக்கு, மறுவிற்பனை கூடாது, பிரித்து ஆராய்ந்து நகலெடுக்கக் கூடாது என்று பல கம்பெனிகளின் நிபந்தனைகள் வேறு.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. லாப நோக்கில்லாத ஆட்ஜீன் அமைப்பு 2004 முதல் விஞ்ஞானிகள் உருவாக்கிய பிளாஸ்மிட்களைச் சேமித்து, உலகம் முழுக்க அனுப்புகிறது. பிளாஸ்மிட் என்பது புரதத்தைத் தயாரிக்கும் செய்முறைக் குறிப்பு மாதிரி. குறிப்பைப் பகிர முடிகிறது என்றால், அதிகம் தேவைப்படும் சில புரதங்களை அரசு ஆய்வகங்களே பொதுவாகத் தயாரித்து, அடக்க விலைக்குக் கொடுக்க முடியாதா? பொதுப் பணத்தில் பிறந்த எந்தக் கண்டுபிடிப்பையும் கம்பெனிக்குக் கொடுக்கும்போது, "ஆராய்ச்சிக்கு நியாய விலையில் தர வேண்டும்" என்று ஒரே ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க என்ன தயக்கம்?

லாபம் பாவமில்லை. உழைத்தவன் சம்பாதிக்கட்டும். ஆனால் முதலீடு ஊருடையது, லாபம் மட்டும் ஒருவருடையது என்றால் அதற்குப் பெயர் வியாபாரம் அல்ல. ஊருக்குப் போட்ட பட்டை நாமம்!