ஆயா மரத்தின் உறவுக்காரர்கள்

ஆங்கில நாவலைத் தமிழாக்குபவர்களைத் திணறடிக்கும் மரம் எல்ம். பலரும் ‘எல்ம் மரம்’ என்றே எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதன் குடும்பத்து மரம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. தமிழில் ஆயா மரம், கன்னடத்தில் தபசி. மேட்டூரிலிருந்து பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்கு ஏறும்போது தென்படுகிறதே, அதுபோன்ற வறண்ட இலையுதிர் காடுகள்தான் அதன் இருப்பிடம். இலையைக் கசக்கினால் நாறும். கோடையில் காசு போன்ற வட்டச் சிறகு விதைகள் காற்றில் பறக்கும்.

ஐரோப்பிய எல்ம்களின் கதை சோகமானது. பட்டைக்குள் துளைக்கும் வண்டு சுமந்து வந்த பூஞ்சை நீர் செல்லும் பாதைகளை அடைக்க, மரங்கள் நின்ற இடத்திலேயே வாடின. 1920களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பியா ஷ்வார்ஸ் என்ற பெண் விஞ்ஞானி காரணத்தைக் கண்டறிந்தார். 1960களின் இறுதியில் இன்னும் கொடிய பூஞ்சை கிளம்பியது. பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேல் மரங்கள் செத்தன.

டச்சு ஆய்வாளர்கள் மாற்று தேடியபோது கை கொடுத்தது இமயமலை எல்ம். அதை ஐரோப்பிய எல்மோடு கலந்து, அந்த வழியில் வந்த கன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 1973இல் ‘டோடோன்ஸ்’ என்ற ரகமாக வெளியிட்டார்கள். நோயை ஓரளவு தாங்கும் கலப்பினம். நம் நாட்டில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அபூர்வம்.

வேடிக்கை என்னவென்றால், மூதாதையான இமயமலை எல்மே இன்று அழியக்கூடிய இனங்களின் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்காகக் கிளைகளை வெட்டி வெட்டியே அதை மொட்டையாக்கிவிட்டோம்.

மாதேஸ்வரன் மலைக்கு வேறு பிரச்னை. 1997 வரை மைசூர் மாவட்டத்திலும் அதன் பின் சாமராஜநகரிலும் இருக்கும் இந்தக் காடு 2013இல் சரணாலயம் ஆனது. சுமார் 900 சதுர கிலோமீட்டர். காகிதத்தில் பாதுகாப்பு வந்துவிட்டது. தரையிலோ உண்ணிச்செடிப் புதர் மண்டிக் கிடக்கிறது. அதுவும் கலப்பினம்தான்: அமெரிக்கச் செடிகளைக் கலந்து, தோட்டத்து அழகுக்காக உருவாக்கியது. அதன் நிழலில் காட்டு மரக் கன்றுகள் தலையெடுப்பது கடினம். சோளகர்கள் அதை வெட்டி நாற்காலி, மேஜை செய்து விற்கிறார்கள். ஆனால் வெட்டுகிற வேகத்தைவிடப் புதர் வளர்கிற வேகம் அதிகம்.

இமயமலை எல்ம் ஐரோப்பியத் தெருக்களுக்கு உதவும் என்று 1900இல் யார் நினைத்தார்கள்? ஆயா மரத்துக்கு எப்போது என்ன வேலை வரும் என்று நமக்கும் தெரியாது. கலப்பினத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கலாம். அதற்கான மூல மரத்தைக் காடுதான் தர வேண்டும்.