பாட்டியின் 'ஒரு கைப்பிடி' எவ்வளவு?



உங்கள் பாட்டியிடம் போய், "ரசத்துக்கு எவ்வளவு புளி போடணும் பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "எலுமிச்சம்பழ அளவு" என்பார். உப்பு? "திட்டமாகப் போடணும்." பருப்பு? "ஒரு கைப்பிடி." எத்தனை நிமிடம் கொதிக்க வேண்டும்? "ரசத்தைக் கொதிக்க விடுவார்களா யாராவது? நுரை கட்டி வந்ததும் இறக்கிவிடணும்!"

கிராம் கணக்கும் இல்லை, கடிகாரமும் இல்லை. ஆனாலும் ரசம் ஒருநாளும் தப்புவதில்லை. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தினமும் செய்து செய்து கைக்குப் பழகிய கணக்கு அது. 'கைப்பக்குவம்' என்று நம் முன்னோர் பெயர் வைத்தது சும்மா இல்லை. ஆனால், அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. கணக்கு கையில்தான் இருக்கிறது, தாளில் இல்லை. அந்தக் கை ஓய்ந்துவிட்டால்?

நான் பணியில் இருந்தபோது, ஏழாம் வகுப்பில் 'எங்கள் வீட்டுச் சமையல்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் பிரியாணி, பரோட்டா என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் குழம்புப் பொடியைப் பற்றி எழுதியிருந்தாள். அவள் பாட்டி இறந்தபோது, அவர் கையால் இடித்த பொடி அரை டப்பா மிச்சம் இருந்ததாம். அம்மா அதை மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுத்து, சிக்கனமாகக் குழம்பு வைத்தாராம். ஒருநாள் பொடி தீர்ந்துபோனது. அத்தை சொன்ன அளவில் அரைத்தார்கள். சித்தி சொன்ன அளவிலும் அரைத்தார்கள். அந்தக் குழம்பு வரவேயில்லை. 'அம்மா இன்னும் அந்த டப்பாவைக் கழுவவில்லை' என்று கட்டுரையை முடித்திருந்தாள்.

அதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, எதை முதலில் வறுக்க வேண்டும் என்று நாலு வரி யாராவது எழுதி வைத்திருந்தால் போதும். அந்தக் குழம்பு இன்றும் அந்த வீட்டில் கொதித்துக்கொண்டிருக்கும்.

அப்படி எழுதி வைத்த ஒருவரை உங்களுக்குச் சொல்கிறேன். எஸ். மீனாட்சி அம்மாள் என்பது அவர் பெயர். சமையலில் கெட்டிக்காரர். வெளியூரில் குடித்தனம் நடத்திய உறவினர்கள், 'இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது' என்று அவருக்குக் கடிதம் போட்டுக் கேட்பார்களாம். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுவதைவிடப் புத்தகமாகவே எழுதிவிடலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னார். 1951-ல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. அடுப்பையே பார்த்திராத ஒருவர் படித்தாலும் புரியும்படி, அளவுகளோடு எழுதினார். புதிதாகத் திருமணமானவர்களுக்குச் சீர்வரிசையோடு அந்தப் புத்தகத்தையும் கொடுத்தனுப்பிய வீடுகள் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில்கூட ஒரு பிரதி இருக்கலாம். தேடிப் பாருங்கள்.

சமையல் குறிப்பு என்றால் வெறும் ருசிதானே என்று நினைக்காதீர்கள். அதற்குள் சரித்திரப் பாடமும் இருக்கிறது. 'மிளகாய்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மிளகு, காய். மிளகைப் போலக் காரமாக இருக்கும் காய்! அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த மிளகாயை, சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் கொண்டு வந்தார்கள். அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் பெரும்பாலும் மிளகுதான். தக்காளியும் உருளைக்கிழங்கும்கூட அந்தக் கண்டத்தைச் சேர்ந்தவையே.

இன்றும் சில வீடுகளில், முன்னோருக்குத் திதி கொடுக்கும் நாளில் மிளகாயும் தக்காளியும் சேர்க்க மாட்டார்கள், மிளகுதான் போடுவார்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியைப் பாருங்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மாவை ஊற்றி ஆவியில் வேக வைப்பார்கள். காரத்துக்கு மிளகும் சுக்கும்தான். மிளகாய் வந்து சேராத காலத்துச் சமையல் எப்படி மணத்திருக்கும் என்பதற்கு அந்த இட்லியே சாட்சி. எந்தக் கல்வெட்டையாவது இப்படி ருசித்துப் படிக்க முடியுமா?

ஊரை விட்டுக் கிளம்ப நேர்ந்தவர்களின் கதை வேறு. பர்மாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் ஏராளம். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டது. வீடு, கடை, சேமிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். எதை வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். நாக்கில் இருக்கும் ருசியைப் பறிக்க எந்த அதிகாரியால் முடியும்? 1969-ல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே அவர்களுக்காகப் பர்மா பஜார் உருவானது. அந்தப் பக்கம் போனால், 'அத்தோ' விற்கும் தள்ளுவண்டிகளைப் பார்க்கலாம். நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். ரங்கூன் தெருக்களில் சாப்பிட்ட அத்தோ, இன்று வடசென்னைப் பிள்ளைகளின் சாயங்காலப் பலகாரம். பக்கத்து வீட்டாரிடம் கற்றதும் ஒரு குடும்பத்தின் சொத்துதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'எங்கள் வீட்டில் பெரிய சமையல் எல்லாம் கிடையாது சார், களியும் கூழும்தான்' என்று தலையைக் குனிந்தபடி சொன்ன மாணவர்கள் உண்டு. டிபன் பாக்ஸின் மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எதற்காக மறைக்க வேண்டும்? கேழ்வரகு மாவைக் கட்டி தட்டாமல் களியாகக் கிண்டுவது பெரிய வித்தை. எனக்கு வராது! ஒரு படி மாவில் ஒன்பது பேர் பசியாறிய வீட்டின் கணக்கு, விருந்து வைத்த வீட்டின் கணக்கைவிட எந்த விதத்திலும் குறைந்ததில்லை. முதலில் எழுதி வைக்க வேண்டியதே அதைத்தான். புத்தகம் போடுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இப்போது செல்போனில் தேடினால் எந்தச் சமையலும் வீடியோவாக வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால், உங்கள் பாட்டியின் கைப்பிடி எவ்வளவு என்று அதில் எந்த அம்மாவும் சொல்லித் தர முடியாது. அதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

எப்படி? விடுமுறை நாளில் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் நில்லுங்கள். பாட்டி இல்லையென்றால் அம்மா, அத்தை, தாத்தா, அப்பா, யார் சமைத்தாலும் சரி. அவர் பருப்பை அள்ளியதும், "ஒரு நிமிஷம் பாட்டி!" என்று நிறுத்தி, அதை ஒரு டம்ளரில் போட்டு அளந்துவிட்டு, பிறகு சட்டியில் போடச் சொல்லுங்கள். இரண்டு முறை சிரிப்பார், மூன்றாம் முறை திட்டுவார். பொறுத்துக்கொள்ளுங்கள். 'பச்சை வாசனை போகும்வரை', 'எண்ணெய் பிரிந்ததும்' என்பது போன்ற சொற்களை அப்படியே எழுதுங்கள், நிமிடமாக மாற்றாதீர்கள். இதை யாரிடம் கற்றார், எந்த நாளில் செய்வார், அரிசி கிடைக்காத காலத்தில் அதற்குப் பதில் என்ன செய்தார் என்றும் கேளுங்கள்.

பாத்திரத்தையும் விடாதீர்கள். "ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்காதே" என்பார்கள். ஏன் தெரியுமா? வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருந்தால் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சொம்பு தப்பிக்கும். தண்ணீர் ஊற்றாமல் வைத்தால் சொம்பு அடுப்பிலேயே ஒழுகிவிடும்! (காரீயம் வேறு, அது நஞ்சு. அதில் சமைக்கக் கூடாது.) அறிவியல் ஆசிரியர் நடத்த வேண்டிய பாடத்தைப் பாட்டி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார், பார்த்தீர்களா?

எழுதும்போது வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு வையுங்கள். நீங்கள் எழுதியதைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினால், "அவளுக்கு என்ன தெரியும்? வெந்தயத்தைக் கடைசியில்தான் வறுக்கணும்" என்பார். அதையும் அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இருவரில் யார் சொல்வது சரி என்று மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு உங்களுக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு கிடைக்காது!