டெல்லிக்கு இலை, கோட்டைக்கு சூரியன்! தேனி போட்ட புதிர்

தேனி—

ஒரே நாள். ஒரே பூத். விரலில் மை ஒரு தடவைதான். ஆனால் அமுக்கிய பட்டன் இரண்டு!

2019 ஏப்ரல் 18-ந்தேதி தேனி பாராளுமன்றத் தேர்தலும், ஆண்டிப்பட்டி, பெரியகுளம் சட்டசபை இடைத்தேர்தல்களும் சேர்ந்தே நடந்தன. மே 23-ந்தேதி எண்ணிப் பார்த்தால், டெல்லிக்கு இரட்டை இலை. அ.தி.மு.க.வின் ஓ.பி.ரவீந்திரநாத் குமார், காங்கிரசின் ஈ.வி.கே.எஸ்.இளங்கோவனை 76 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டில் தோற்கடித்தார். அன்று எண்ணிய 38 தொகுதிகளில் அ.தி.மு.க. அணிக்குக் கிடைத்தது இந்த ஒன்றே ஒன்றுதான்.

கோட்டைக்கோ உதயசூரியன்! பெரியகுளத்தில் தி.மு.க.வின் கே.எஸ்.சரவணகுமார் 20 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆண்டிப்பட்டியில் இன்னும் வேடிக்கை. தி.மு.க. மகாராஜனும் அ.தி.மு.க. லோகிராஜனும் கூடப்பிறந்த அண்ணன்-தம்பி. ஜெயித்தது அண்ணன்.

100-க்கு 77

இது பழைய கதைதானே என்று விட்டுவிட முடியாது. "ஒரே நாடு, ஒரே தேர்தல்" மசோதா 2024 டிசம்பரில் லோக்சபாவில் கொண்டுவரப்பட்டு, கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. செலவு மிச்சம் என்கிறது ஒரு தரப்பு. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஜனங்கள் ஒரே பக்கம் குத்திவிடுவார்கள், மாநிலப் பிரச்சினை அடிபட்டுப் போகும் என்கிறது மறு தரப்பு.

அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2015-ல் வந்த ஐ.டி.எஃப்.சி. நிறுவன ஆய்வு. 1999 முதல் 2014 வரையிலான தேர்தல்களை அது அலசியது. இரண்டு தேர்தலும் சேர்ந்து நடந்த இடங்களில், 100-க்கு 77 சட்டசபைத் தொகுதிகளில் ஒரே கட்சிதான் இரண்டிலும் முந்தியது.

அப்படியானால் தேனிக்காரர்கள் மீதி 23-ஐச் சேர்ந்தவர்களா?

அவசரப்படக் கூடாது. தேனி பாராளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டசபைத் தொகுதிகள். போடி, கம்பம், உசிலம்பட்டி, சோழவந்தானில் அன்று இடைத்தேர்தல் கிடையாது. எம்.பி. தேர்தலின் மொத்தக் கணக்கு ஆறும் சேர்ந்தது. பூத் வாரியான 20-ம் எண் படிவத்தைப் புரட்டினால்தான் ஆண்டிப்பட்டி, பெரியகுளம் தனித்தனியாக என்ன செய்தன என்பது தெரியும். அதுகூட பூத்தைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. ஓட்டு ரகசியம் ஆச்சே! புரொபசர்கள் எப்போதும் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

சின்னமா, ஆளா?

இன்னொரு விஷயம். அன்று இலைக்காரருக்கு இரண்டு மெஷினிலும் இலை இருந்தது. சூரியன் அப்படியில்லை. பாராளுமன்ற மெஷினில் கூட்டணிக் கட்சியின் "கை"தான். சூரியனுக்கே பழகிய விரல் கைக்குப் போவதற்குள் கொஞ்சம் தயங்கத்தானே செய்யும்? போதாக்குறைக்கு இளங்கோவன் ஈரோட்டுக்காரர். ரவீந்திரநாத்தோ அப்போதைய துணை முதல்வர் ஓ.பன்னீர்செல்வத்தின் மகன், உள்ளூர்க்காரர்.

நடுவில் அ.ம.மு.க.வின் தங்க தமிழ்ச்செல்வன் பரிசுப்பெட்டி சின்னத்தில் ஒரு லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் வாங்கினார். பெரும்பாலும் பழைய இலை ஓட்டுதான் என்று பேச்சு. அவ்வளவு போயும் இலை ஜெயித்தது!

ஆண்டிப்பட்டிக்கு இரட்டைத் தேர்தல் புதிதல்ல. 1984 டிசம்பரிலும் இரண்டும் சேர்ந்தே வந்தன. எம்.ஜி.ஆர். நியூயார்க் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே இங்கே ஜெயித்தார். அந்தத் தடவை மாநிலம் முழுக்க இரண்டு ஓட்டையும் அ.தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணியே அள்ளியது.

தனித்தனியாக நடந்தால்? 1980 ஜனவரியில் எம்.பி. தேர்தலில் அ.தி.மு.க.வுக்கு இரண்டே இடம். ஐந்தாவது மாதம் சட்டசபைத் தேர்தலில் 129 இடம், எம்.ஜி.ஆர். மறுபடி முதல்வர்!

தேனியில் 2019-ல் மூன்றாவதாக வந்த தங்க தமிழ்ச்செல்வன் அதே வருடம் தி.மு.க.வில் சேர்ந்தார். 2024-ல் சூரியன் சின்னத்தில் நின்று, தன் பழைய தலைவர் டி.டி.வி.தினகரனையே 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார். இலைக்கு அந்தத் தடவை மூன்றாம் இடம்.