உலை வைப்பதற்கு முன்

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இந்த வாரம் ஓர் அறிவிப்பு. பயன்படாத துணிகளைக் கீழே வைத்திருக்கும் அட்டைப்பெட்டியில் போடலாம், ஏழைகளுக்குப் போய்ச் சேரும் என்று. சாயங்காலத்துக்குள் பெட்டி வழிந்தது. எட்டிப் பார்த்தேன். ஜிப் போன பேன்ட், ஜோடி இல்லாத சாக்ஸ், ஏதோ கம்பெனியின் ஆண்டுவிழா டி-ஷர்ட், நடுவில் ஒரு கல்யாணக் கோட்டு. அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு எந்த ஏழை எங்கே போவார்?

பழைய துணி என்னுடைய பழைய புலம்பல். இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்கள் இங்கே சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். 2015 சென்னை வெள்ளம், 2018 கஜா புயல் என்று ஒவ்வொரு முறையும் கிழிசல்கள் மலைபோல் வந்து இறங்குகின்றன. அங்கே இருப்பவர்களுக்கு வேண்டியதோ புது உள்ளாடை, நைட்டி, லுங்கி, நாப்கின். 1999இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு ஒன்றைச் சரியாகப் பிடித்தது: வரும் துணியைத் தரம் பிரிக்க வேண்டும். பருத்தியைத் துவைத்து மாதவிடாய்த் துணியாகத் தைக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கூடிக் கிணறு வெட்டினால், பாதை போட்டால், அதற்குப் பிரதியாகத் துணி தருகிறார்கள். தருமம் வாங்கினோம் என்ற கூச்சம் யாருக்கும் இல்லை.

பெட்டியைப் பற்றித்தான் முழுப் பத்தியும் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து மனம் மிஸோரத்துக்குப் போய்விட்டது.

அங்கே பிரெஸ்பிட்டீரியன் சபைக் குடும்பங்களில் 'புஃபாய் தாம்' என்று ஒரு வழக்கம். சமைக்க அரிசி அளந்ததும், உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வேளையும். சேர்ந்ததைச் சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். அரிசியை விற்ற காசு சபைப் பணிகளுக்கு. 1910 வாக்கில் தொடங்கியபோது சொற்ப ரூபாய்தான் தேறியது. இப்போது ஆண்டுக்குக் கோடிகளில் வருகிறது. வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் அந்தச் சபை நிற்பதில் இந்தப் பிடி அரிசிக்குப் பெரிய பங்கு. (அரிசி எடுத்து வைப்பதும் பெண்கள், சுமப்பதும் பெண்கள். நூறு ஆண்டு தாண்டியும் போதகர் பட்டம் மட்டும் ஆண்களுக்கு. அது தனிப் பத்திக்கான கோபம்.)

நமக்கும் இது புதிதல்ல. காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டத்தை ஊர் ஊராக வலியுறுத்தினார். தினம் ஒரு பிடி போட்டுவந்த பாட்டிகளை நம்மில் பலருக்குத் தெரியும். அதில் எனக்குப் பிடித்த விஷயம், வீட்டார் சாப்பிடும் அதே அரிசி போகிறது என்பது. சாப்பிட்டு மிஞ்சியது இல்லை. அட்டைப்பெட்டிக்காரர்கள் கவனிக்க.

நம்மிடம் அது ஏன் தேய்ந்தது? மனசு சுருங்கிவிட்டது என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. வந்து வாங்கிப் போக ஆள் இல்லை, அவ்வளவுதான். மிஸோரத்தில் பாத்திரம் நிறைவதற்குள் ஒருத்தி பையோடு வாசலில் நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி போட்டிருக்கிறாள் என்பதும் தெரிகிறது. கொஞ்சம் வெட்கமும் வேலை செய்கிறது. இங்கே கொடுக்க ஆயிரம் வீடு இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் லிஃப்ட் வேலை செய்யாத நாளிலும் நாலு மாடி ஏற யார் இருக்கிறார்கள்? கையில் காசில்லாதவர் செய்யக்கூடிய பெரிய கொடை அந்த ஏற்றம்தான்.

வீட்டில் இதைச் சொன்னேன். "சரி, நான் தினம் ஒரு பிடி எடுத்து வைக்கிறேன். நம்ம பிளாக்கில் நாற்பது வீடு. பையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போவீர்களா?" என்றாள் மனைவி. குழுவில் என் பெயரையும் அவளே போட்டுவிட்டாள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆரம்பம். கோட்டைப் போட்டவர் எந்த வீடு என்பதும் தெரிந்துவிடும்.