விளக்கும் அடுப்பும்: தெரிந்தெடுக்கும் உரிமை யாருக்கு?

மின்சாரச் சட்டத்தைத் திருத்துவதற்கென்று மத்திய சர்க்கார் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நகல் மசோதாவைப் பிரசுரித்துப் பொதுஜன அபிப்பிராயத்தைக் கோரினர். ஒரே பிரதேசத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள், ஒரே கம்பி வழியாக மின்சாரம் விற்க இடமளிப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. 2022 ஆகஸ்டு 8-ந் தேதி லோக்சபையில் கொண்டுவரப்பட்டு, நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டு, 2024-ல் சபை கலைந்தபோது காலாவதியாகிப் போன மசோதாவின் மறு அவதாரமே இது. ஒரு கடையில் விலை அதிகமென்றால் அடுத்த கடைக்குப் போகிறோமே, மின்சாரத்துக்கு மட்டும் ஏன் ஒரே கடை என்று இம்மாற்றத்தை விரும்புவோர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அடுத்த கடைக்கு நடந்து போகக் கூடியவர் யார், போக முடியாமல் நிற்பவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்பது நமது கடமை.

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரத்தைப் பார்த்தால் இவ்விஷயம் தெளிவாகும். பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் நிறைந்த இவ்வட்டாரத்தில் மின்சாரம் இல்லாமல் ஊசி ஒன்றும் அசையாது. சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையமே இராப்பகலாக மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், பெரிய தொழிற்சாலைக்காரருக்கு ஏற்கெனவே ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் எடுப்பவர், வாரியத்தின் கம்பியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வேறொருவரிடமிருந்து மின்சாரம் வாங்கலாம். பல ஆலைகள் கூடி ஒரு மின் நிலையத்தில் குறைந்தது 26 சதவிகிதப் பங்கை வைத்துக்கொண்டு, உற்பத்தியில் 51 சதவிகிதத்தையாவது தாங்களே உபயோகித்தால், அது சொந்த உபயோக நிலையமாகக் கருதப்படும் என்று 2005-ஆம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. காற்றாலைகளில் நமது ஜவுளி முதலாளிகள் பணம் போட்டதற்கு இச்சலுகை ஒரு முக்கிய காரணம். 2022 ஜூனில் வந்த விதிகள், பசுமை மின்சாரத்தைப் பொறுத்தமட்டில் ஒரு மெகாவாட் என்னும் எல்லையை 100 கிலோவாட்டாகத் தாழ்த்திவிட்டன.

ஆகவே, மின்சாரம் விற்பவரைத் தெரிந்தெடுக்கும் உரிமை நம் நாட்டில் புதிதன்று. அது சரக்கு ஏற்றுமதி செய்யும் முதலாளியின் வாசலில் வந்து நிற்கிறது. அவருடைய தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் வாசலுக்கு வரவில்லை. லைன் வீட்டில் குடியிருக்கும் அவருக்கு மின்சாரம் கொடுப்பது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர். உண்மையில் அவரிடம் மின்சாரத்தை விற்பவர் வீட்டுக்காரர்! ஒரே மின் இணைப்பிலிருந்து நாலைந்து குடிகளுக்குக் கம்பியை இழுத்து, உள்மீட்டர் ஒன்றை மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவென்று தம் இஷ்டப்படி வசூலிக்கும் வழக்கம் தமிழகத்துத் தொழில் நகரங்களில் பரவலாக உண்டு. கழகம் ஏகபோகமென்று கூச்சலிடுவோர், இந்தச் சிறிய ஏகபோகத்தைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை.

இதனால் விளையும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த விகிதங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் செலவழிக்கும் குடும்பம் ஒன்று தனி இணைப்பு வைத்திருந்தால், முதல் 100 யூனிட் இலவசம்; மீதி 20 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு வீதம் 45 ரூபாய். இத்தகைய ஐந்து குடும்பங்களுக்கு மொத்தம் 225 ரூபாய்தான் ஆகும். அதே ஐந்து குடும்பங்களும் ஒரே இணைப்பில் தொங்கினால் செலவு 600 யூனிட்டாகக் கணக்கேறுகிறது. அப்போது 100 யூனிட் போக, 300 யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு, அடுத்த 100-க்கு 6 ரூபாய், அதற்கடுத்த 100-க்கு 8 ரூபாய் வீதம் 2,750 ரூபாய் ஆகிறது! அதே விளக்கு, அதே விசிறி, அதே கம்பி. கட்டணமோ பன்னிரண்டு மடங்கு. 2024 ஜூலையில் விகிதங்கள் மேலும் ஏறின. ஏழைக்கென்று சர்க்கார் கொடுக்கும் மானியம், ஏழை இருக்கும் வீட்டின் படியிலேயே நின்றுவிடுகிறது. எந்தப் புதுக் கம்பெனி வந்து மலிவாக விற்றாலும், இந்த வித்தியாசம் முழுவதையும் மிச்சப்படுத்தித் தருவது அரிது.

இதற்குப் பரிகாரம் புதுச் சட்டத்தில் இல்லை, இருக்கும் சட்டத்திலேயே இருக்கிறது. 2003-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 43-ஆவது ஷரத்து, கட்டடத்தின் சொந்தக்காரர் கேட்டாலும், அதில் குடியிருப்பவர் கேட்டாலும் மின்சாரம் கொடுப்பது லைசென்ஸ்தாரரின் கடமை என்று விதிக்கிறது. வீட்டுக்காரர் ஆட்சேபணையில்லை என்று எழுதிக் கொடுக்கவில்லை என்னும் காரணத்தால் குடியிருப்பவருக்கு மின்சாரத்தை மறுக்கலாகாது, அவர் அவ்விடத்தில் குடியிருக்கிறாரா என்பதை மட்டுமே பார்க்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2022 மே மாதத்தில் திலீப் - சதீஷ் வழக்கில் ஐயத்துக்கிடமின்றிக் கூறிவிட்டது. லைசென்ஸ் பெறாதவர் மின்சாரத்தை விநியோகிப்பதோ அதில் வர்த்தகம் செய்வதோ கூடாதென்று 12-ஆவது ஷரத்து தடுக்கிறது. உள்மீட்டர் வைத்து லாபத்துக்கு விற்பது இந்த ஷரத்தின் கருத்துக்கு இணங்குமா என்பதை வீட்டுக்காரர்கள் யோசித்துப் பார்ப்பது நலம். உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் துணிவு, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சும் குடும்பத்துக்குத் தனியாக எப்படி வரும்?

இனி, கம்பெனியைத் தெரிந்தெடுக்கும் முறை நடைமுறையில் இருக்கும் இடங்களில் என்ன நேர்ந்தது என்று பார்க்கவேண்டும். நமது தேசத்திலேயே பம்பாய் நகரம் அதற்கு உதாரணம். டாட்டா பவர் கம்பெனி நகரில் வீடுகளுக்கும் சில்லறையாக மின்சாரம் விற்கலாமென்று 2008 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அப்போதைய ரிலையன்ஸ் கம்பெனியின் கம்பிகளையே உபயோகித்து அதன் வாடிக்கைக்காரர்கள் டாட்டாவுக்கு மாறிக்கொள்ள மகாராஷ்டிர மின்சாரக் கமிஷன் 2009 அக்டோபரில் வழி செய்தது. விகிதம் குறைவாயிருந்ததால் பலர் மாறினார்கள். ஆனால், அதிகமாகச் செலவழித்து அதிகக் கட்டணம் கட்டி வந்தவர்கள் வெளியேறினால், அவர்களைக் கொண்டு தாங்கப்பட்டுவந்த சிறு நுகர்வோரின் பாரத்தை யார் சுமப்பது என்ற வழக்கு உடனே எழுந்தது. மாறிச் சென்றவர்கள் மீது 2011-ல் ஓர் உபரிக் கட்டணம் விதிக்கவேண்டி வந்தது. கொழுத்த வாடிக்கையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மெலிந்ததை விட்டுச் செல்வதே வியாபாரத்தின் சுபாவம் என்பதைப் பம்பாய் நமக்குக் கற்பித்திருக்கிறது.

இங்கிலாந்தைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். அத்தேசத்தில் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் காஸ் கம்பெனியை 1998 முதலும், மின்சாரக் கம்பெனியை 1999 முதலும் தம் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ள உரிமை பெற்றனர். விலைகளை ஒப்பிட்டுப் பார்த்து மாறத் தெரிந்தவர்கள் மிச்சம் பிடித்தது உண்மை. ஆனால் பழைய கம்பெனியை நம்பிச் சும்மா இருந்தவர்களிடம் அதிக விலை வாங்கப்பட்டது. இந்த அநீதியைப் பொறுக்க முடியாமல், போட்டியையே வேதமாகக் கொண்ட அந்நாட்டுச் சர்க்காரே 2019 ஜனவரி முதல் விலைக்கு உச்சவரம்பு கட்டவேண்டியதாயிற்று. 2021-ல் காஸ் விலை ஏறியதும், கைமுதல் இல்லாமல் கடை திறந்திருந்த இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் சில மாதங்களில் சரிந்தன. 15 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கைக்காரரைக் கொண்ட பல்ப் என்னும் கம்பெனியைச் சர்க்கார் பணத்தைக் கொண்டே நடத்திவர நேர்ந்தது. விழுந்த மற்றக் கம்பெனிகளின் நஷ்டம் எல்லோருடைய பில்லிலும் பங்கு போடப்பட்டது. லாபம் கம்பெனிக்கு, நஷ்டம் ஊருக்கு என்றால் அதற்குப் போட்டி என்று பெயரிடுவது தகுமா?

அடுப்பு விஷயத்துக்கு வருவோம். சிலிண்டர் ஏஜென்சியை மாற்றிக்கொள்ளும் வசதி 2013 அக்டோபரில் 24 நகரங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2014 ஜனவரியில் 480 ஜில்லாக்களுக்கு விஸ்தரிக்கப்பட்டது. இண்டேன், பாரத், எச்.பி. ஆகிய மூன்றில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறவும் இடமுண்டு. மாற்றுவதற்கென்று தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் மூன்றுமே சர்க்கார் கம்பெனிகள். ஒரே ஊரில் வீட்டுச் சிலிண்டருக்கு மூன்றின் விலையும் ஒன்றே. ஆகையால் இந்த மாற்றத்தால் பணம் மிச்சமாகாது. பதிவு செய்த பின் நாட்கணக்கில் காக்க வைக்கும் ஏஜென்சிக்காரருக்கு ஒரு பயம் உண்டாகும், அவ்வளவே. அதுவும் அற்ப லாபமன்று. எந்தக் கம்பெனியின் சிலிண்டரையும் எந்தக் கம்பெனியிடமும் நிரப்பிக்கொள்ளலாமா என்பதைப் பற்றிப் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2025 செப்டம்பரில் அபிப்பிராயம் கோரியது. அது வரவேற்கத்தக்க யோசனையே.

எனினும், அருள்புரம் போன்ற இடங்களில் ஏஜென்சியை மாற்றுவதைவிட முந்திய கேள்வி, இணைப்பே இல்லாதிருப்பது. பீஹார், ஒரிஸா முதலிய ராஜ்யங்களிலிருந்தும் நமது தென் ஜில்லாக்களிலிருந்தும் வந்து தங்கியிருப்பவர்களிடம் விலாசத்துக்குச் சான்று இருப்பதில்லை. அதனால் கிலோக் கணக்கில் கள்ளத்தனமாக நிரப்பிக் கொடுப்பவரிடம் அதிக விலையும் கொடுத்து, உயிருக்கு ஆபத்தையும் விலைக்கு வாங்குகிறார்கள். அடையாளச் சான்று ஒன்றைக் காட்டியே ஐந்து கிலோ சிலிண்டரை வாங்கலாம் என்பதும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய இரண்டாம் உஜ்வலா திட்டத்தில் வெளியூர்த் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் விலாசத்துக்குத் தங்கள் வாக்குமூலத்தையே கொடுக்கலாம் என்பதும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாம் மின் வாரியத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. அதன் நிர்வாகச் சீர்கேடு ஊரறிந்தது. யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 36 காசு நஷ்டத்தில் மின்சாரம் விற்கப்படுவதாக 2021 ஆகஸ்டில் தமிழக நிதி மந்திரி வெளியிட்ட வெள்ளை அறிக்கையே ஒப்புக்கொண்டது. இந்த நஷ்டம் ஏழைக்குக் கொடுத்த சலுகையால் மட்டும் வந்ததன்று. வெளியில் வாங்கும் மின்சாரத்தின் விலையும், கடனுக்குக் கட்டும் வட்டியும் அதைப் பெருக்கின. போட்டி வேண்டாமென்று சொல்லும் ராஜ்ய சர்க்கார், தன் வீட்டை ஒழுங்குபடுத்தாமல் சொல்லும் பேச்சுக்கு ஜனங்களிடம் மதிப்பிராது.

ஆயினும் சரித்திரத்தை மறக்கலாகாது. சென்னை நகருக்கு மின்சாரம் கொடுத்துவந்த தனியார் கம்பெனியை 1947-ல் சர்க்கார் எடுத்துக்கொண்டதும், 1957-ல் மின்சார வாரியத்தை அமைத்ததும், லாபம் இல்லாத பட்டிக்காட்டுக்கும் கம்பி போகவேண்டும் என்பதற்காகவே. 1932-ல் பைக்காராவிலிருந்து வந்த சர்க்கார் மின்சாரமே கோயமுத்தூர் ஜில்லாவை ஆலை ஜில்லாவாக ஆக்கிற்று. 1970 ஜூனில், யூனிட்டுக்குச் சில காசு ஏற்றியதை எதிர்த்த குடியானவர்களில் மூவர் இதே வட்டாரத்துப் பெருமாநல்லூரில் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு, மின்சாரம் வெறும் கடைச் சரக்கு என்று எவரும் நம்மிடம் பேசவேண்டாம்.

ஆதலின், எந்த மசோதா வந்தாலும் மூன்று நிபந்தனைகளை நாம் வற்புறுத்துகிறோம். புதிதாக வரும் கம்பெனி, தன் பிரதேசத்தில் கேட்பவர் எவராயினும் மின்சாரம் கொடுக்கக் கடமைப்படவேண்டும். குறைந்த செலவுள்ள வீடுகளின் பாரத்தில் தன் பங்கை அதுவும் ஏற்கவேண்டும். ஜனங்களின் பணத்தில் போட்ட கம்பிக்கு முழு வாடகை தரவேண்டும். இவற்றுக்கு உடன்படுகிற போட்டி வரட்டும், அஞ்சமாட்டோம். உடன்படாத போட்டி, பொதுச் சொத்தைப் பங்கு போடும் காரியமேயன்றி வேறன்று.

மசோதா நிறைவேறும் வரையில் காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் ஒன்றிருக்கிறது. ஒவ்வொரு லைன் வீட்டிலும் குடியிருப்போருக்குத் தனி இணைப்பு கேட்டு மனு எழுதிக் கொடுப்பதும், வீட்டுக்காரரிடம் சமாதானமாகப் பேசுவதும், மறுக்கும் அதிகாரியிடம் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பைக் காட்டுவதும், ஐந்து கிலோ சிலிண்டர் கிடைக்கும் இடத்தைச் சொல்வதும் தேசத் தொண்டர்களும் தொழிற்சங்கத்தாரும் இன்றைக்கே செய்யத்தக்கவை. மேடைப் பிரசங்கத்தைப் போல இதற்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால் ஒரு தெருவில் ஐந்து குடும்பங்களுக்குத் தனி மீட்டர் வந்துவிட்டால், அத்தெரு சட்டத்தின் பலனைக் கண்ணால் கண்டுவிடும். அடுத்த தெரு தானாகக் கேட்கும்.