சைக்கிள் வந்தது, உடை வரவில்லை!

அம்பத்தூர், சைக்கிளுக்குப் பெயர் போன ஊர். ஆவடி, உடுப்புக்குப் பெயர் போன ஊர். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால், சைக்கிள் ஓட்டும் பெண்ணுக்கு ஏற்ற உடுப்பை இந்த ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. முருகப்பா குடும்பத்தாரும், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து அதை ஏற்படுத்தினார்கள். அதன் தொழிற்சாலை அம்பத்தூரில் எழுந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள் ஆயின.

ஆவடியில் 1961-ம் ஆண்டு ராணுவ உடுப்புத் தொழிற்சாலை வந்தது. படை வீரர்களுக்கு வேண்டிய உடைகளைத் தைப்பது அதன் வேலை. 2021-ம் ஆண்டு முதல் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசாங்க கம்பெனியின் கீழ் இருக்கிறது. இது தவிர, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெளிநாட்டுக்குச் சட்டையும் கால்சட்டையும் தைத்து அனுப்பும் கம்பெனிகள் உண்டு. அங்கே தையல் மெஷினில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வெளிநாட்டுக்காரரின் அளவுக்கு அங்குலம் பிசகாமல் தைக்கிறாள் ஒரு பெண். வேலை முடிந்து சைக்கிளில் ஏறும்போது அவள் என்ன செய்கிறாள்? துப்பட்டாவைச் சுருட்டி இடுப்பில் முடிகிறாள். சல்வாரின் வலது காலை ரப்பர் வளையத்தால் கட்டுகிறாள். மேலாடையின் பின் பக்கத்தை இழுத்து விட்டுக்கொள்கிறாள். பிறகுதான் மிதிக்கிறாள்.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். சின்ன விஷயம் அல்ல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கழுத்தில் கிடக்கும் ஆபத்து

துப்பட்டாவின் ஒரு முனை பின் சக்கரத்தில் சிக்கினால், சக்கரம் அதைச் சுற்றி இழுக்கும். மறு பக்கம் கழுத்தில் இருக்கிறது. கழுத்து இறுகும், அல்லது ஓட்டுபவள் பின்னால் சாய்ந்து ரோட்டில் விழுவாள். பின்னால் லாரி வந்தால் கதி என்ன?

இசடோரா டங்கன் என்ற அமெரிக்க நடனப் பெண்மணி உலகப் புகழ் பெற்றவர். 1927-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி, பிரான்சு நாட்டின் நீஸ் நகரத்தில் அவர் திறந்த காரில் ஏறினார். கழுத்தில் நீளமான பட்டுத் துணி. அதன் முனை கார் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அவர் உயிர் போயிற்று.

இந்த ஆபத்து அரசாங்கத்துக்குத் தெரியாதது அல்ல. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கு இடம் உண்டு. மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தில் பாதியாவது மறையும்படி காப்பு வைக்க வேண்டும். பின்னால் உட்காருபவரின் துணி சிக்கக் கூடாது என்கிறது 123-வது விதி. "சேலை கார்டு" என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். சைக்கிள் வாங்கும்போதும் சங்கிலிக்கு முழு மூடி இருக்கிறதா, பின் சக்கரத்துக்குத் துணிக் காப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வளைந்து கொடுத்தது சைக்கிள்

பெண்கள் சைக்கிளில் குறுக்குக் கம்பி தாழ்ந்து இருக்கிறது. ஏன்? பாவாடையும் சேலையும் கட்டிய பெண் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. அதற்காகக் கம்பியைக் கீழே இறக்கினார்கள். சங்கிலிக்கு மூடி போட்டார்கள். பின் சக்கரத்துக்கு வலை கட்டினார்கள். பெண்ணின் உடைக்காக சைக்கிள் வளைந்து கொடுத்தது. சைக்கிளுக்காக உடை மாறியதா? அங்கேதான் சண்டை மூண்டது!

இங்கிலாந்தில் 1881-ம் ஆண்டு ஒரு சங்கம் தோன்றியது. "அறிவுக்கு ஒத்த உடைச் சங்கம்" என்று அதன் பெயரைச் சொல்லலாம். அதை நடத்தியவர் ஹார்பர்ட்டன் சீமாட்டி. உள்ளாடைகளின் மொத்த எடை 7 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அந்தச் சங்கம் கேட்டது. 7 பவுண்டு என்றால் 3 கிலோவுக்கும் மேல்! அப்படியானால் அன்றைய பெண்கள் எவ்வளவு சுமந்திருப்பார்கள்!

1898-ம் ஆண்டு இந்தச் சீமாட்டி சைக்கிளில் ஆக்காம் என்ற ஊருக்குப் போனார். தொளதொளப்பான கால்சட்டை அணிந்திருந்தார். அங்குள்ள ஓட்டலில், அந்த உடையோடு சாப்பாட்டு அறைக்குள் வரக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். சைக்கிள் பயணிகள் சங்கம் வழக்குப் போட்டது. 1899-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. ஓட்டல் தரப்பே ஜெயித்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஆனி லண்டன்டெரி என்ற பெண், 3 குழந்தைகளின் தாய், 1894-ம் ஆண்டு பாஸ்டன் நகரத்தில் இருந்து உலகம் சுற்றக் கிளம்பினார். கிளம்பும்போது நீளப் பாவாடை. 42 பவுண்டு எடையுள்ள பெண்கள் சைக்கிள். சிக்காகோ போய்ச் சேர்வதற்குள் அலுத்துவிட்டது. பாதி எடையுள்ள ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். பாவாடையையும் விட்டார். கடலில் கப்பல், கரையில் சைக்கிள் என்று 1895-ம் ஆண்டு திரும்பி வந்தார்.

புதுக்கோட்டை காட்டிய வழி

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1991-ம் ஆண்டு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு, பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று, 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பெண்கள் தனி உடை கேட்கவில்லை. சேலையிலும் தாவணியிலும் ஓட்டினார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சில தாய்மார்கள் அதையே விரும்பினார்கள்! ஆரம்பத்தில் கேலிப் பேச்சுக்கும் ஆளானார்கள். துணிச்சலால் அதைத் தாண்டினார்கள்.

துணிச்சல் இருந்தால் எந்த உடையிலும் ஓட்டலாம் என்பதற்கு அவர்கள் சாட்சி. ஆனால், துணிச்சலை மட்டும் நம்பி எத்தனை காலம் ஓட்டுவது?

பள்ளிக்கூடத்தில் வந்த மாற்றம்

2001-ம் ஆண்டு, மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் வந்தது. பிறகு அது எல்லா வகுப்பு மாணவிகளுக்கும், மாணவர்களுக்கும் விரிந்தது.

2012-ம் ஆண்டு இன்னொரு மாற்றம் வந்தது. 6-ம் வகுப்பு முதல் 10-ம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்குப் பாவாடை, தாவணிக்குப் பதிலாக சல்வார் கமீஸ் சீருடை என்று அரசாங்கம் அறிவித்தது. பல பள்ளிகளில் துப்பட்டா போய், அதன் இடத்தில் மேல்கோட்டு வந்திருக்கிறது. சக்கரத்தில் சிக்க முனை இல்லை. காற்றில் பறக்கத் துணி இல்லை. ஆபத்து குறைந்தது; மரியாதை குறையவில்லை!

ஆனால் பள்ளிக்கூடம் முடிந்ததும் கோட்டும் போய்விடுகிறது. கல்லூரிக்கோ கம்பெனிக்கோ போகும் பெண் மறுபடியும் துப்பட்டாவோடு போராடுகிறாள். சிலர், "எதற்கு வம்பு?" என்று சைக்கிளையே விட்டுவிடுகிறார்கள். அரசாங்கம் கொடுத்த சைக்கிள் தம்பிக்குப் போகிறது. அல்லது திண்ணையில் துருப்பிடிக்கிறது.

நின்றால் ஓர் அளவு. மிதித்தால் ஓர் அளவு

குறை எங்கே இருக்கிறது? அளவெடுப்பதில் இருக்கிறது. தையற்காரர் பெண்ணை நிற்க வைத்து அளவெடுக்கிறார். சைக்கிளில் யாரும் நின்றபடி போவது இல்லை. உடம்பு முன்னால் சாய்கிறது. கைகள் நீளுகின்றன. முழங்கால் மேலே வந்து வந்து போகிறது. நிற்கும்போது கச்சிதமாக இருக்கும் உடை, மிதிக்கும்போது பிடிக்கிறது.

கவனிக்க வேண்டிய இடங்கள் 5.

முதலாவது, முதுகு. குனிந்தால் மேலாடை பின்னால் மேலே ஏறும். ஆகவே பின் பக்கம், முன் பக்கத்தைவிட 2 அங்குலம் நீளமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, தோளும் கையும். இரு கைகளையும் முன்னால் நீட்டியபடி முதுகின் அகலத்தை அளக்க வேண்டும். அக்குளில் இழுத்துப் பிடித்தால், அரை மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும்.

மூன்றாவது, பக்கவெட்டு. நீளக் கமீஸில் வெட்டு தாழ்வாக இருந்தால், தொடைக்குக் குறுக்கே துணி இழுக்கும். வெட்டு இடுப்பு எலும்புக்குக் கீழேயே தொடங்க வேண்டும். கமீஸ் முழங்காலுக்கு மேல் நின்றால் இன்னும் நல்லது.

நான்காவது, இருக்கையில் படும் இடம். நாலு தையல்கள் ஒரே புள்ளியில் சந்தித்தால் அங்கே முடிச்சு போலத் தடிக்கும், உரசும், புண்ணாகும். அந்த இடத்தில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் தையல்கள் விலகிப் போகும். துணியும் கிழியாது. செலவு ஒரு சாண் துணிதான்.

ஐந்தாவது, கணுக்கால். தொடையிலும் முழங்காலிலும் தாராளம் வேண்டும். கீழே வரவரக் குறுக வேண்டும். இரண்டு விரல் நுழையும் அளவு போதும். சைக்கிளில் சங்கிலி இருப்பது வலது பக்கம். ஆகவே வலது காலின் விளிம்பில் சிறு பொத்தானும் பட்டியும் வைத்துக்கொண்டால் ரப்பர் வளையம் தேவை இல்லை.

உடை சரியா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை நீட்டி, முழங்கால்களை மாறி மாறிப் பத்துத் தடவை தூக்க வேண்டும். எங்கும் இழுக்கவில்லை என்றால் உடை சரி.

எந்தத் துணி நல்லது?

நாலைந்து கிலோமீட்டர் தூரத்துக்குப் பருத்தியே போதும். காற்று போகும், விலையும் குறைவு. ஆனால் பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நீண்ட தூரம் போனால், ஈரத் துணி உரசும். அதற்கு விளையாட்டு உடைகளுக்கான, சீக்கிரம் உலரும் பின்னல் துணி நல்லது.

விடுமுறை நாள் காலையில் 30, 40 கிலோமீட்டர் ஓட்டும் பெண்களும் இப்போது இருக்கிறார்கள். அவர்களுக்கு மெத்தை வைத்த கால்சட்டை வேண்டும். இதில் ஆண்களுக்கான மெத்தை வேறு. பெண்களுக்கான மெத்தை வேறு. உட்காரும் எலும்புகளின் இடைவெளி பொதுவாகப் பெண்களுக்கு அதிகம். மெத்தை அந்த இடத்தில் விழ வேண்டும். "இருபாலாருக்கும் ஒரே அளவு" என்று விற்கும் உடை பெரும்பாலும் ஆண் அளவுதான். தோளில் தொங்கும், இடுப்பில் பிடிக்கும். மெத்தைக் கால்சட்டைக்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது. ஒரு தடவை போட்டால் துவைத்தே தீர வேண்டும். இதன் மேல் வழக்கமான கமீஸோ, தொளதொளப்பான கால்சட்டையோ அணியலாம், தடை இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவது கூடாது. மேல், கீழ் என இரண்டு துண்டாக உள்ள மழைக்கோட்டு வேண்டும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் வெளிர் நிறம் அணிய வேண்டும். முதுகில் ஒளி வீசும் பட்டை ஒன்று தைத்துக்கொள்வது நல்லது. பணமும் போனும் வைக்க, மூடி உள்ள பை ஒன்று மேலாடையில் கட்டாயம் வேண்டும்.

சேலையில் ஓட்டுகிறவர்கள் முந்தானையைக் குத்தி, இடுப்பில் செருக வேண்டும். புர்கா அணிகிறவர்கள் விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். துப்பட்டாவைப் பின்னால் தொங்க விடவே கூடாது.

ஊர் என்ன சொல்லும்?

"உடம்போடு ஒட்டிய உடை நம் வீட்டுக்கு ஆகாது" என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அளவாக இருப்பது வேறு. ஒட்டிப் பிடிப்பது வேறு. அளவு சரியாக உள்ள உடை ஏறாது, விலகாது, பறக்காது. அடிக்கடி இழுத்து விட வேண்டியது இல்லை. மானம் காப்பது அந்த உடைதான். அளவில்லாத உடைதான் நடு ரோட்டில் மானத்தை வாங்கும். சில சமயம் உயிரையும் வாங்கும்.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். அரசாங்கப் பள்ளிச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. இலவச சைக்கிள் பெறும் மாணவியின் சீருடைக்கு, உட்கார்ந்த நிலை அளவையும் ஒரு தடவை பார்க்கும்படி அந்தச் சங்கங்களுக்குச் சொல்லலாம். துப்பட்டாவுக்குப் பதில் கோட்டு என்ற பள்ளி வழக்கத்தைத் தொழிற்பேட்டைக் கம்பெனிகளும் பின்பற்றலாம். உடை மாற்ற ஒரு அறையும், மழைக்கோட்டு மாட்ட ஒரு ஆணியும் கொடுத்தால் போதும்.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மகளுக்கு அடுத்த உடை தைக்கக் கொடுக்கும்போது, "இவள் சைக்கிளில் போகிறவள், உட்கார வைத்து அளவெடுங்கள்" என்று தையற்காரரிடம் சொல்ல வேண்டும். அம்பத்தூரானாலும் ஆவடியானாலும் பூந்தமல்லியானாலும், கை தேர்ந்த தையற்காரருக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.