காதும் வேண்டும் கருவிக்கு!

தோழனே!

கடல் சீறிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய். 2004 டிசம்பர் 26. புதுவைக் கரையிலே நல்லவாடு என்றொரு மீனவர் சிற்றூர். ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியிலே கண்ட அவ்வூர் இளைஞன், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் பதறினான். ஊரார் ஓடினர், அறிவு மையத்தின் பூட்டிய கதவை உடைத்தனர், ஒலிபெருக்கி முழங்கிற்று, 3,000 பேருக்கு மேல் உயிர் தப்பினர்.

அந்த ஒலிபெருக்கி வானத்திலிருந்து குதித்ததோ? எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுவைச் சிற்றூர்களிலே பின்னத் தொடங்கிய வலையின் ஒரு கண்ணி அது! தொலைபேசிக் கம்பி தடுமாறிய இடத்தில் வானொலி அலை செய்தி சுமந்தது. மின்சாரம் கைவிட்டபோது கதிரவன் கைகொடுத்தான். வில்லியனூர் மையம் இணையத்திலே பெற்ற அலை உயரக் கணிப்பு, வீராம்பட்டினத்து மீனவன் காதிலே தமிழாக ஒலித்தது. ஊர்ப் பெண்களே பல மையங்களை நடத்தினர். மக்கள் கேட்டதை அன்றாடம் தந்த கருவி அது. ஆகவேதான் ஆபத்து வந்த கணத்திலே அதனை நோக்கி ஓடினர்.

இன்று? ஆஷா பணியாளர் கையிலே திறன்பேசி. அங்கன்வாடி ஊழியர் கையிலே திறன்பேசி. 2021 முதல் 'போஷன் டிராக்கர்' செயலியிலே குழந்தையின் எடையும் உயரமும் ஏறுகின்றன. தலைநகர் வரை செல்கின்றன. செல்லட்டும், கணக்கு வேண்டியதுதான். ஆனால், எடை ஏறாத பிள்ளையைக் கண்டு கலங்கும் அந்தச் சகோதரிக்கு விடை கீழே வருகிறதா? அடுத்த ஊரிலே அதே சிக்கலைத் தீர்த்தவள் யாரென அவள் அறிவாளா?

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பாய். இருக்கிறது! மேலிடம் ஆணையிட, கீழிடம் 'சரி' என்று எழுதினால் அது இணைப்பாகுமா? மணியடித்து வருகைப் பதிவு எடுப்பதாகும்!

ஊழியர் தமக்குள் கலந்துபேச நேரம் வேண்டும். கேட்ட கேள்விக்கு மறுமொழி தர மருத்துவருக்குக் கடமை வேண்டும். இணையச் செலவு அவர்தம் மெலிந்த மதிப்பூதியத்தைத் தின்னாதிருக்க வேண்டும்.

இந்த வாரம் உன் ஊர் அங்கன்வாடிக்குச் செல், தோழனே! விடை வராத கேள்விகள் எவையெனக் கேள், குறித்துக்கொள், கிராம சபையிலே எழுந்து படி. கட்டளையிடும் வாய் கருவிக்கு முன்பே முளைத்துவிட்டது. காது முளைக்கச் செய்வது நம் பணி!